34 இன்ச் பேன்ட்

"நான் எங்கேப்பா குண்டு? இருபது வருஷமா அதே 34 பேன்ட்தான்" என்றார் மாமா. கையில் லிப்பிட் டெஸ்ட் ரிப்போர்ட். அவர் சொன்னது பொய்யில்லை. பேன்ட் மாறவில்லை, அதைப் போடும் இடம்தான் மாறியிருந்தது. தொப்பை முன்னே வர வர, பெல்ட் அதற்குக் கீழே இறங்கிவிட்டது.

அத்தை தையல் மெஷின் டிராயரிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து வந்தார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். மாமா வயிற்றை எக்கிக்கொண்டார், அத்தை விடவில்லை. 98 சென்டிமீட்டர். பேன்ட் சொன்ன கணக்கு 86தான்! தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதே எல்லை என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2005-ல் வரையறுத்தது.

எடை மெஷினை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற புகைப்படம் உண்டு. 2004-ல் 'லான்செட்' இதழில் வந்தது. புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யட்கினும் அருகருகே நிற்கிறார்கள். எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் உடல் கொழுப்பு, யட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. ஒல்லியாகத் தெரிந்தே கொழுப்பைச் சுமக்கும் உடல்வாகு நம்முடையது.

தோலுக்கடியில் உள்ள கொழுப்பு பெரும்பாலும் சும்மா கிடக்கும். குடலைச் சுற்றிச் சேர்வது அப்படியல்ல. கொழுப்பு அமிலங்களை ஓயாமல் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அதில் ஒரு பங்கு நேரே கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் அதை ட்ரைகிளிசரைடாக்கி, வி.எல்.டி.எல். என்ற பொட்டலங்களாகக் கட்டி அனுப்பும். "எண்ணெயையே விட்டுட்டேனே" என்று மாமா அலுத்துக்கொண்டதில் பாதிதான் நியாயம். மிஞ்சிய சோற்றையும் சர்க்கரையையும்கூடக் கல்லீரல் கொழுப்பாக்கும். அவர் காபியை எப்போதும் டபுள் சர்க்கரையோடுதான் குடிப்பார்.

இந்தப் பொட்டலங்கள் வழியில் பண்டமாற்றும் செய்யும். ரத்தத்தில் போகும் மற்றத் துகள்களுக்கு ட்ரைகிளிசரைடைக் கொடுத்து, அவற்றிடமிருந்து கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்ளும். அதனால் நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். சீக்கிரம் கழிந்துவிடும். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். துகள்களோ சுருங்கிச் சிறியவையாகும்.

மாமாவின் ரிப்போர்ட் இது: மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்.டி.எல். 34, ட்ரைகிளிசரைடு 240, எல்.டி.எல். 108. கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாக மடித்து வைத்திருந்தார். பல லேப்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதே இல்லை. 1972-ல் ஃப்ரீடவால்ட் தந்த சூத்திரப்படி, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கிறார்கள். ட்ரைகிளிசரைடு ஏற ஏறக் கணக்கு பிசகும். 400-ஐத் தாண்டினால் செல்லாது.

கணக்கு சரியாகவே இருந்தாலும் இன்னொரு சிக்கல். ஐம்பது பேர் ஒரே பஸ்ஸில் போவதும், பத்து ஷேர் ஆட்டோவில் போவதும் ஒன்றா? ஆள் எண்ணிக்கை அதேதான். தெருவில் நெரிசல் வேறு. கொலஸ்ட்ரால் அளவு 108 என்றாலும், அதைச் சுமப்பவை சிறிய துகள்கள் என்றால் எண்ணிக்கை கூடும். இதய ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைபவையும் கூடும். அங்கே படிவதுதான் பின்னாளில் அடைப்பு. எனவே மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பாருங்கள். மாமாவுக்கு 156. எல்.டி.எல். இலக்கு 100 என்றால் இதற்கு 130. அவர் ஏற்கெனவே தாண்டியாயிற்று.

தனக்கு மட்டும் இப்படியா என்று அவர் வருத்தப்படத் தேவையில்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடுதழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம் பேருக்கு. ரத்தக் கொழுப்பில் ஏதோ ஒரு கோளாறு 81.2 சதவீதம் பேருக்கு.

உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் ட்ரைகிளிசரைடு சுமார் 20 சதவீதம் இறங்கும். 78 கிலோ மாமாவுக்கு அது நாலிலிருந்து எட்டு கிலோ. எச்.டி.எல். மெதுவாகத்தான் ஏறும். எல்.டி.எல். அவ்வளவாக அசையாது. அதனால் எடை குறைந்துவிட்டதே என்று கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மாமா அத்தையின் பக்கம் திரும்பினார். "உன்னோடதையும் ஒரு தடவை அளந்து பாரேன்." டேப்பை உள்ளே போட்டு டிராயரைச் சாத்திவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார் அத்தை.