ட்ரெட்மில் 'ஆயில்' கேட்கிறதா? பட்டனை அழுத்தும் முன் இதைப் படியுங்கள்!

"எத்தனை தடவை இந்த மெசேஜை அழிச்சீங்க தம்பி?"

எங்கள் வீட்டு ட்ரெட்மில்லைப் பிரித்துப்போட்ட மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி இதுதான். மூன்று முறை என்று சொன்னேன். அவர் பெல்ட்டைத் தூக்கி, அடியில் இருந்த பலகையில் விரலை வைத்துத் தேய்த்துக் காட்டினார். கருப்பாக ரப்பர் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. எண்ணெய்ப் பசை துளிகூட இல்லை.

"நீங்க அழிச்சது எழுத்தைத்தான். உள்ள இருந்த வறட்சி அப்படியேதான் இருக்கு" என்றார்.

அப்பாவுக்குச் சர்க்கரை. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எங்கள் தெருவில் நாய்த் தொல்லை, பள்ளம், எதிர்த்திசையில் வரும் பைக் என எல்லாம் உண்டு. அதனால்தான் வீட்டுக்கே ட்ரெட்மில் வந்தது. மூன்று மாதம் கழித்து ஒருநாள் 'பீப், பீப்' என்று சத்தம். திரையில் 'ஆயில்' என்ற எழுத்து மின்னியது. செல்போனில் தேடினேன். குறிப்பிட்ட பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் போய்விடும் என்று இருந்தது. அழுத்தினேன், போய்விட்டது. "பையன் சரி பண்ணிட்டான்" என்று அப்பா அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

அடுத்த இரண்டு முறையும் அதே வைத்தியம்தான். நடுவில் ஒருநாள், "பெல்ட் காலைப் பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்குடா" என்றார் அப்பா. "புது ஷூவா இருக்கும்ப்பா" என்று நான் கடந்துபோனேன். ஒரு காலை நேரம், அவர் நடந்துகொண்டிருக்கும்போதே பெல்ட் ஒரு நொடி நின்று, சட்டென்று மறுபடி ஓடியது. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியதால் தலை தப்பியது. முழங்கால் மட்டும் இரும்பில் இடித்து வீங்கிவிட்டது. எலும்பு முறிவு இல்லை. ஆனால், அதன்பிறகு இரண்டு மாதம் அவர் அதன் பக்கமே போகவில்லை. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை அளவு ஏறியிருந்தது.

ஒரு சின்ன பாட்டில் எண்ணெயும் இருபது நிமிட நேரமும் ஒதுக்கியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. அன்று மெக்கானிக்கிடம் கற்றுக்கொண்டதையும், அதன்பிறகு கையேட்டை ஒழுங்காக உட்கார்ந்து படித்ததில் தெரிந்துகொண்டதையும் இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ட்ரெட்மில் இருந்தால் நிச்சயம் உதவும்.

அந்த எழுத்து ஏன் வருகிறது?

பலரும் நினைப்பதுபோல, எண்ணெய் தீர்ந்துவிட்டதை இயந்திரம் 'கண்டுபிடித்து'ச் சொல்வதில்லை. பெரும்பாலான வீட்டு ட்ரெட்மில்களில் அதற்கான கருவியே கிடையாது. உள்ளே இருப்பது ஒரு கணக்குப்பிள்ளை, அவ்வளவுதான். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மணி நேரம் ஓடியாயிற்று என்று எண்ணி, குறித்த அளவு வந்ததும் குரல் கொடுக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்கள் இயந்திரம் 300 கிலோமீட்டருக்கு ஒருமுறை நினைவூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் 45 நிமிடம் நடந்தால் 3 கிலோமீட்டர். ஒருவர் தினமும் நடந்தால் 100 நாளில் எழுத்து வரும். கணவன், மனைவி இருவரும் நடந்தால் 50 நாளிலேயே வந்துவிடும். 'போன மாசம்தானே போட்டோம்' என்று சலித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. அது காலண்டரைப் பார்ப்பதில்லை, நம் கால் நடந்த தூரத்தைத்தான் பார்க்கிறது. எத்தனை கிலோமீட்டர் என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் கையேட்டில் இருக்கும்.

பட்டனை அழுத்தும்போது அந்தக் கணக்கு மீண்டும் பூஜ்ஜியத்துக்குப் போகிறது. அதாவது, 'எண்ணெய் போட்டாச்சு' என்று நாம் இயந்திரத்திடம் சொல்கிறோம். போடாமலே சொன்னால் அதுவும் நம்பிவிடும். அடுத்த 300 கிலோமீட்டருக்கு வாயே திறக்காது!

எண்ணெய் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

நம் கால் படும் பெல்ட்டுக்கு அடியில் ஒரு பலகை இருக்கிறது. நம் முழு எடையும் பெல்ட்டை அந்தப் பலகைமேல் அழுத்துகிறது. அந்த நிலையில்தான் மோட்டார் பெல்ட்டை இழுக்க வேண்டும். நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்துவிட்டால் உராய்வு கூடும். மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும், சூடாகும். பெல்ட் விட்டு விட்டு ஓடும். கவனிக்காமல் விட்டால் பெல்ட்டும் பலகையும் தேயும். கடைசியில் மோட்டாரோ, அதைக் கட்டுப்படுத்தும் போர்டோ பழுதாகும். எண்ணெய் பாட்டிலின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு பல மடங்கு.

'நாங்க ஓடுறதில்லையே, மெதுவாத்தானே நடக்கிறோம்' என்று நினைக்க வேண்டாம். மெதுவாக நடக்கும்போது ஒவ்வொரு காலும் பெல்ட்டில் அதிக நேரம் ஊன்றி நிற்கிறது. காய்ந்த பெல்ட்டில், உடல் எடை அதிகமுள்ளவர் மெதுவாக நடப்பதும் மோட்டாருக்குப் பெரிய சுமைதான்.

தொட்டுப் பாருங்கள்

முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, நடுப்பகுதி வரை கையை உள்ளே விட்டு அடிப்பக்கத்தைத் தொடுங்கள். விரலில் லேசான பிசுபிசுப்பு இருந்தால் எண்ணெய் இருக்கிறது. உலர்ந்து சொரசொரப்பாக இருந்தால் போட வேண்டிய நேரம். திரையில் எழுத்து வராவிட்டாலும் மாதம் ஒருமுறை இப்படித் தொட்டுப் பார்ப்பது நல்லது.

எந்த எண்ணெய்?

ட்ரெட்மில்லுக்கென்று விற்கும் சுத்தமான சிலிக்கான் ஆயில் மட்டுமே. பெரும்பாலும் இயந்திரத்தோடு ஒரு சிறு பாட்டில் கொடுத்திருப்பார்கள். பிரிக்காமல் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும், தேடிப் பாருங்கள்.

தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், கிரீஸ், இன்ஜின் ஆயில், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் கூடாது. அவை பெல்ட்டின் அடிப்பக்கத்தைக் கெடுக்கும். தூசியை இழுத்துப் பிடித்துச் சேறாக்கும்.

முக்கியமான விஷயம்: சில மாடல்களில் பலகையில் தொழிற்சாலையிலேயே மெழுகு பூசியிருப்பார்கள். அவற்றுக்கு எண்ணெயே போடக் கூடாது. வேறு சிலவற்றில் எண்ணெய் ஊற்றத் தனியாகத் துளை இருக்கும். எனவே, கையேட்டைப் பார்க்காமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். கையேடு தொலைந்திருந்தால், மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் இணையதளத்தில் தேடலாம், சேவை மையத்தைக் கேட்கலாம்.

எப்படிப் போடுவது?

1. பிளக்கை உருவிய நிலையிலேயே, பெல்ட்டின் மேற்பரப்பையும் ஓரங்களையும் துடையுங்கள். ஒரு மெல்லிய உலர்ந்த துணியை அடியில் விட்டுப் பலகையையும் துடைத்தெடுங்கள்.

2. ஒரு பக்கம் பெல்ட்டைத் தூக்கி, பாட்டிலின் மூக்கை முடிந்தவரை நடுப்பகுதிக்குக் கொண்டுபோய், பலகையின்மேல் வளைந்து வளைந்து கோடு போடுவதுபோல் விடுங்கள். நம் பாதம் விழும் இடத்துக்குத்தான் எண்ணெய் அதிகம் தேவை.

3. மறுபக்கமும் அதேபோல். எவ்வளவு என்பது கையேட்டில் மில்லி கணக்கில் இருக்கும். 'இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்' என்று ஊற்றக் கூடாது. அதிகமானால் பெல்ட் வழுக்கும், தூசியும் சேரும்.

4. பிளக்கை மாட்டி, குறைந்த வேகத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். எண்ணெய் பரவியதும் அதே மெதுவான வேகத்தில் நீங்களும் ஏறி நடந்து பாருங்கள். பெல்ட் சீராக ஓட வேண்டும்.

5. தரையிலோ, கால் வைக்கும் ஓரங்களிலோ எண்ணெய் சிந்தியிருந்தால் உடனே துடையுங்கள். அதில் வழுக்கி விழுந்தால் கதை வேறு!

இப்போது அழுத்துங்கள்

வேலை முடிந்தபிறகு எழுத்தை அழிக்கலாம். எல்லா ட்ரெட்மில்லுக்கும் பொதுவான பட்டன் கிடையாது. சிலவற்றில் ஒரு பட்டனை, சிலவற்றில் இரண்டு பட்டன்களை ஒன்றாகச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். செயலியோடு இணைந்த மாடல்களில், செயலிக்குள் போய் 'பராமரிப்பு முடிந்தது' என்று குறிக்க வேண்டியிருக்கும். இணையத்தில் பார்த்த வேறு மாடலின் பட்டனை அழுத்தி முயற்சி செய்யாதீர்கள். தேவையில்லாத அமைப்பு எதையாவது மாற்றிவிட வாய்ப்பிருக்கிறது.

சரியாகச் செய்தும் எழுத்து போகவில்லையா? சேவை மையத்தை அழையுங்கள். சுவிட்சைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போடுவது தீர்வல்ல.

ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். 'ஆயில்', 'லூப்' போன்றவை நினைவூட்டல்கள். 'இ' என்ற ஆங்கில எழுத்தோடு எண் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் பழுதுக் குறியீடு. சென்சார், ஒயர், மோட்டார் என எதில் சிக்கல் என்பதை அது சொல்கிறது. அதை அழிக்கப் பார்க்காமல், எண்ணைக் குறித்துவைத்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால்...

பின்பக்கம் இரண்டு மூலையிலும் திருகாணிகள் இருக்கும். கூடவே கொடுத்த 'எல்' வடிவச் சாவி அதற்குத்தான். யாரும் மேலே நிற்காமல், மெதுவான வேகத்தில் ஓட விடுங்கள். பெல்ட் வலப்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்கத் திருகாணியைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். இடப்பக்கம் ஒதுங்கினால் இடப்பக்கத் திருகாணியை அதேபோல். ஓரிரு நிமிடம் காத்திருந்து பார்த்த பிறகே அடுத்த கால் சுற்று.

கால் வைக்கும்போது பெல்ட் வழுக்குவதுபோல் இருந்தால், இரண்டு திருகாணிகளையும் சம அளவில் கால் சுற்று இறுக்கலாம். அளவுக்கு மீறி இறுக்கினால் பெல்ட்டும் ரோலரும் பாழாகும். ஓடும் பெல்ட்டுக்கு அருகே குனியும்போது புடவைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் பின்னல் எல்லாம் கட்டியிருக்க வேண்டும். தயக்கமாக இருந்தால் இதை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

பழக்கமாகட்டும்

- நடந்து முடித்ததும் கைப்பிடி, திரையில் படிந்த வியர்வையைத் துடையுங்கள். வியர்வையின் உப்பு துருவுக்கு அழைப்பு.
- வெளியே போட்டுப்போன செருப்பு, ஷூவோடு ஏறாதீர்கள். மணல் துகள் பெல்ட்டுக்கு அடியில் போனால் உப்புத்தாள்போல் தேய்க்கும். ட்ரெட்மில்லுக்கென ஒரு ஜோடி ஷூ இருக்கட்டும்.
- வாரம் ஒருமுறை இயந்திரத்துக்கு அடியிலும் பெருக்குங்கள். அங்கிருக்கும் தூசியும் முடியும்தான் மோட்டாருக்குள் போகிறது. மோட்டார் மூடியைத் திறந்து சுத்தம் செய்வதை, ஆண்டுக்கு ஓரிரு முறை மெக்கானிக்கை வரவழைத்துச் செய்வது பாதுகாப்பு.
- எர்த் இணைப்புள்ள தனி பிளக் பாயின்ட்டில் மாட்டுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். மழைச் சாரல் படும் பால்கனியும் வேண்டாம்.
- எண்ணெய் போட்ட தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவையுங்கள். வாரன்ட்டி பேச்சு வரும்போதும் கைகொடுக்கும்.

ரப்பர் கருகும் வாசனை, புதிய சத்தம், விட்டு விட்டு ஓடும் பெல்ட் - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே இறங்கி, பிளக்கை உருவுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீடா?

2021 மே மாதம் அமெரிக்காவில், பெலோட்டான் நிறுவனம் தன் 'ட்ரெட் பிளஸ்' ட்ரெட்மில்களில் சுமார் 1,25,000 இயந்திரங்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஆறு வயதுக் குழந்தை ஒன்று அதன் அடியில் இழுக்கப்பட்டு இறந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். எந்த நிறுவனத்தின் இயந்திரமானாலும் ஓடும் பெல்ட் ஆபத்தானதுதான். சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிவப்பு நிறப் பாதுகாப்புச் சாவி அலங்காரத்துக்கு அல்ல. நடக்கும்போது மாட்டிக்கொள்ளுங்கள். முடித்ததும் உருவி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பிளக்கையும் உருவிவிடுங்கள். இயந்திரத்தின் பின்னால் ஆறடியாவது காலி இடம் இருக்கட்டும். சுவரை ஒட்டிப் போடாதீர்கள்.

எங்கள் வீட்டில் பெல்ட்டை மாற்ற வேண்டியதாகிவிட்டது. பழுது பார்த்து முடித்ததும் முதலில் நான் ஏறி நடந்து காட்டினேன். அப்பா கைப்பிடியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று ஏறவில்லை. மறுநாள் ஐந்து நிமிடம். அடுத்த வாரம் பதினைந்து. இப்போது பழையபடி முக்கால் மணி நேரம் நடக்கிறார்.

போன வாரம் மறுபடியும் 'பீப்' சத்தம். நான் அறையிலிருந்து வருவதற்குள் அப்பா பிளக்கை உருவிவிட்டு, கையில் பாட்டிலோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நீ அந்தப் பக்கம் பெல்ட்டைத் தூக்கிப் பிடி. பட்டனை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.