ஒரு நிமிட வினிகர் சோதனை
மும்பைக் குடிசைப் பகுதிகள் உலகுக்குச் சொன்ன பாடம்

ஊறுகாய் கெடாமல் இருக்க ஊற்றும் வினிகருக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு என்று காட்டியது பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனை. 1998-ம் ஆண்டு அது தொடங்கிய ஆராய்ச்சி நடந்த இடம் மும்பையின் குடிசைப் பகுதிகள். சோதனை செய்தவர்களோ பத்தாவது வரை படித்த சாதாரணப் பெண்கள்!

வலி இல்லாத எதிரி

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதல்ல. எச்.பி.வி. என்ற கிருமி தாம்பத்திய உறவின் மூலம் தொற்றுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு அது தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடும். தங்கிய இடம் மெல்ல மெல்ல மாறிப் புற்றாக முற்றுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். அதுவரை வலி இராது. வலி கண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது பலருக்கு நோய் முற்றியிருக்கும்.

இந்த இடைக்காலத்தில் கண்டுபிடித்துவிட்டால் உயிர் பிழைக்கலாம். மேல்நாடுகள் இதற்குப் பல ஆண்டுகளாக 'பாப்' சோதனையை நடத்தி வந்தன. ஆனால் அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். பயிற்சி பெற்ற நிபுணர் வேண்டும். முடிவு தெரிய மறுபடியும் வர வேண்டும். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் உலை கொதிக்காத வீட்டுப் பெண் இரண்டு முறை வருவாளா?

வெள்ளைத் திட்டு

வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். அதை 4 சதவீத அளவில் நீர்க்கச் செய்து, பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். ஒரு நிமிடம் காத்திருந்தால் போதும். கோளாறான இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை.

மும்பையில் 20 குடிசைப் பகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 35 முதல் 64 வயது வரை உள்ள சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் இதில் சேர்க்கப்பட்டனர். 10 பகுதிகளில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, நான்கு தடவை சோதனை நடந்தது. மற்ற 10 பகுதிகளில் புற்றுநோய் பற்றிய விளக்கம் மட்டும் தரப்பட்டது. நான்கு வாரப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பெண்கள் சோதனை செய்தனர். அழைத்தவர்களில் 89 சதவீதம் பேர் வந்தார்கள்! "குடிசைப் பெண்கள் வரமாட்டார்கள்" என்ற பேச்சு பொய்த்தது.

12 ஆண்டுகளுக்குப் பிறகு கணக்குப் பார்த்தார்கள். சோதனை நடந்த பகுதிகளில் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் ஆண்டுக்கு லட்சம் பெண்களில் 11.1 பேர். நடக்காத பகுதிகளில் 16.2 பேர். அதாவது மரணம் 31 சதவீதம் குறைந்தது. 2013-ல் டாக்டர் சுரேந்திர சாஸ்திரி அமெரிக்க மாநாட்டில் இதை அறிவித்தார்.

கேள்வியும் எழுந்தது

"சோதனை நடக்காத பகுதிப் பெண்கள் என்ன பாவம் செய்தார்கள்?" என்று சிலர் கேட்டனர். அப்போது நாட்டில் ஏழைப் பெண்களுக்கு இத்தகைய சோதனைத் திட்டமே வழக்கத்தில் இல்லை என்பது ஆராய்ச்சியாளர்களின் பதில். கேள்வி நியாயமானதே. இரண்டு பகுதிகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் வெறும் எண் அல்ல. அது வீட்டில் தாய் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம்.

திண்டுக்கல்லும் சொன்னது

தமிழ்நாட்டிலும் இதே பாடம் கிடைத்தது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ல் தொடங்கிய ஆராய்ச்சியில் நர்சுகளே சோதித்து, தேவைப்பட்டவர்களுக்கு உறைகுளிர் சிகிச்சையும் செய்தனர். மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. 2016-ல் மத்திய அரசு, 30 முதல் 65 வயது வரை உள்ள பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை இந்தச் சோதனை நடத்த வழிகாட்டியது.

மும்பை ஆராய்ச்சியில் மார்பகத்தையும் கையால் சோதித்தார்கள். 20 ஆண்டுக் கணக்கு 2021-ல் வெளிவந்தது. 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது.

வீட்டுக்காரர்கள் கவனிக்க

தாராவித் தாய்மார்களுக்குப் பரேல் தூரமில்லை. சயானில் ரயிலேறினால் மாட்டுங்கா, தாதர், அடுத்தது பரேல். செம்பூர்க்காரர்கள் குர்லாவில் வண்டி மாறினால் போதும். தூரமாக இருப்பது மனம்தான். "எனக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று பெண்கள் தள்ளிப் போடுகிறார்கள். கூச்சமும் தடுக்கிறது. கணவரிடம் கேட்கவும் தயக்கம்.

மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் கண்டாலோ, உறவுக்குப் பின் இரத்தம் கசிந்தாலோ, துர்நாற்றத்துடன் வெள்ளைப்பட்டாலோ அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆனால் அறிகுறி வரும்வரை காத்திராமல் போவதே சோதனையின் பயன். பீடி, புகையிலை பழக்கமுள்ள ஆண்களும் வாயைக் காட்டிக்கொள்வது நல்லது.

ஊரிலிருந்து மனைவியை அழைத்து வந்து, சால் வீட்டில் குடித்தனம் வைத்து, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தொழிலாளி, மனைவிக்காக அரை நாள் லீவு போட்டால் குறைந்துவிடாது. சோதனைக்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். அதனால் காக்கப்படுவது ஒரு குடும்பம்.