வசந்தகாலப் பனியில் நாயோடு மலையேற்றம்

மார்ச் கடைசியில் தர்மசாலாவில் பகல் வெயில் இதமாக இருக்கும். அந்நகரின் மேற்பகுதியான மெக்லியோட்கஞ்சிலிருந்து நிமிர்ந்து பார்த்தாலோ தௌலாதார் மலைத்தொடர் வெள்ளையாகவே நிற்கும். இரண்டுக்கும் நடுவே, சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் திரியுண்ட் புல்வெளி. ஒரு பகலில் ஏறி இறங்கிவிடலாம் என்பதால், நாயையும் கூட்டிப் போகலாமே என்ற ஆசை எளிதில் வந்துவிடும். ஜனவரிப் பனிக்கு எல்லோரும் பயப்படுவார்கள், அதற்கேற்ற ஏற்பாட்டோடு வருவார்கள். வசந்தத்துப் பனியை யாரும் மதிப்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

காலைப் பனி வேறு, மதியப் பனி வேறு

பகலில் இளகிய பனி இரவில் மீண்டும் உறைகிறது. விடியற்காலையில் அதன் மேல்பரப்பு கண்ணாடிச் சில்லுபோல் இருக்கும். கால் வழுக்கும். உடைந்த விளிம்பு நாயின் பாதத்தைக் கிழிக்கும். வெயில் ஏறியதும் அதே பனி சேறாகிவிடும். பாறைகளையும் புதர்களையும் ஒட்டிய இடத்தில் உள்ளே வெற்றிடம் இருப்பதால், அங்கே காலை வைத்தால் தொடைவரை இறங்கும். ஓடிவரும் நாயின் கால் அப்படிச் சிக்கினால் தசைநார் கிழியலாம், எலும்பும் முறியலாம். பனிக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் அதன்மேல் நடக்கவே கூடாது. செங்குத்துச் சரிவுகளில் மதியத்துக்குமேல் ஈரப்பனி சரிவதும் கல் உருள்வதும் சகஜம்.

எனவே விடிந்ததும் கிளம்புங்கள். பாதத்துக்கு உறை மாட்டிவிடுங்கள். உச்சி வெயிலுக்குள் பனியை விட்டு இறங்கிவிடுங்கள். எந்த விலையுயர்ந்த கருவியையும்விட இந்த நேரக்கணக்குதான் உங்களைக் காப்பாற்றும். நாயை எப்போதும் கயிற்றிலேயே வைத்திருங்கள், ஆனால் சரிவில் அந்தக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டாம். ஒருவர் சறுக்கினால் இருவரும் போவீர்கள்.

பாதமும் ரோமமும்

நாயின் விரலிடுக்கு ரோமத்தில் ஈரப்பனி உருண்டை உருண்டையாக ஒட்டி இறுகும். நாய் நொண்டும், அல்லது நின்று நின்று நக்கும். கிளம்புவதற்கு முன்பே அந்த ரோமத்தைக் கத்தரித்து, பாதத்தில் வாசலின் தடவிவிட்டால் இது குறையும். பாத உறையை வீட்டிலேயே சில நாட்கள் போட்டுப் பழக்கியிருக்க வேண்டும். மலையில் வைத்து முதல் தடவை மாட்டினால் எந்த நாயும் ஒத்துழைக்காது.

சிப்பிப்பாறை, ராஜபாளையம், டாபர்மேன் போன்ற குட்டைமுடி நாய்களுக்கு மேல்சட்டை கட்டாயம். அடர்ந்த ரோமமுள்ள நாய்க்கோ சிக்கல் தலைகீழ். வெயிலில் ஏறும்போது அது பனியின் நடுவிலும் உடல்சூடேறித் தவிக்கக்கூடும். பனியைத் தின்று தாகம் தீர்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள், வெந்நீர் கலந்த தண்ணீரைக் கொண்டுபோங்கள்.

குளிர் உடலுக்குள் இறங்கும்போது

நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அது குறையும்போது நாய் முதலில் நடுங்கும், பிறகு பின்தங்கும், கூப்பிட்டால் திரும்பாது. உடல் சூடாகாமலே நடுக்கம் நின்றுபோனால் நிலைமை மோசம் என்று பொருள். ஈரத்தைத் துடைத்து, போர்வையில் சுற்றி, உங்கள் உடலோடு அணைத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். நெருப்பருகே நேராகக் கிடத்தாதீர்கள். காது நுனி, வால், விரல்கள் வெளிறி மரத்திருந்தால் தேய்க்கக் கூடாது. மறுபடி உறையாத இடத்துக்கு வந்தபின் வெதுவெதுப்பான நீரால் சூடேற்றுங்கள்.

உங்களையும் கவனியுங்கள். மனிதனுக்கு உடல்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் நாக்கு குழறும், நடை தடுமாறும். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம்வரை திருப்பியடிக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நடந்தால், சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்ததுபோல் எரியும். நாயின் மூக்கில் உங்கள் சன்ஸ்கிரீனைப் பூசாதீர்கள். நாய் அதை நக்கிவிடும், அதில் இருக்கக்கூடிய துத்தநாக ஆக்சைடு நாய்க்கு ஆகாது.

பனி விலகியதும் வெளிவருபவை

இந்தப் பருவத்தில் மலை முழுக்க புரான்ஸ் மரங்கள் சிவப்பாகப் பூத்திருக்கும். ரோடோடெண்ட்ரான் வகை மரம் இது. மலைவாசிகள் அதன் பூவில் சர்பத் போடுகிறார்கள். ஆனால் இந்த வகையின் இலையைத் தின்ற நாய்க்கு வாந்தி வரும், இதயத்துடிப்பும் தடுமாறும். பனி விலகிய புல்லில் உண்ணிகள் ஏறும். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். ரேபிஸ், எலிக்காய்ச்சல் தடுப்பூசிகளைப் பல வாரங்களுக்கு முன்பே போட்டு முடித்திருக்க வேண்டும்.

சிறுத்தையையும் மறக்க வேண்டாம். இமயமலை இடையர்கள் தங்கள் நாய்களுக்கு முள் பதித்த இரும்புப் பட்டை கட்டுவது அதற்குப் பயந்துதான். மேலே இரவு தங்க நேர்ந்தால், இருட்டியபின் நாயைக் கூடாரத்துக்கு வெளியே கட்டிப் போடாதீர்கள்.

உங்கள் பையிலிருக்கும் விஷம்

உலர்திராட்சை, சாக்லேட், சைலிட்டால் கலந்த சூயிங்கம் மூன்றும் நாய்க்கு நஞ்சு. இபுப்ரோஃபன், பாராசிட்டமால் மாத்திரைகளும் அப்படியே. கால் வலிக்கிறதே என்று பாதி மாத்திரையை ஒடித்துக் கொடுத்துவிடாதீர்கள். உயரமும் ஓர் ஆபத்து: 2,500 மீட்டருக்குமேல் மனிதரைப் போலவே நாய்க்கும் உயரநோய் வரலாம். சாப்பிட மறுத்து, வாந்தியெடுத்து, ஓய்வெடுத்தும் இளைப்பு தீராமல் இருந்தால் இறங்குவதுதான் மருந்து.

யார் போகலாம்?

ஒரு வயது நிரம்பாத குட்டி, மூட்டுவலியுள்ள கிழட்டு நாய், பக் போன்ற சப்பை மூக்கு இனங்கள் வேண்டாம். மற்றவற்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். பனிக்காலத்தில் நிர்வாகம் பாதையை மூடுவதுண்டு என்பதால் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சமவெளியில் வளர்ந்த நாய்க்குத் திரியுண்ட் புல்வெளியே போதும். அதற்கு மேலே பனி எல்லையை நோக்கி அதை இழுத்துப் போக வேண்டாம் என்பதே என் முடிவு.