பெயர் சொல்லப்படாத சம்பியன்

1986 ஜூலை. பிராக் நகரின் நடுவே ஓடும் வல்ட்டாவா ஆற்றில் ஸ்ட்வானிட்சே என்றொரு தீவு. அங்கே புதிதாகக் கட்டப்பட்ட அரங்கில் பெண்கள் டென்னிஸுக்கான பெடரேஷன் கிண்ணப் போட்டி. அமெரிக்க அணியில் இருந்து ஒருவர் களத்துக்கு வருகிறார். உலகத் தரவரிசையில் முதலாம் இடம். அந்த மாதத் தொடக்கத்தில்தான் விம்பிள்டனை ஏழாவது தடவையாக வென்றிருந்தார். பிறந்தது இதே பிராக் நகரில். ஒலிபெருக்கியில் அறிமுகம் செய்கிறார்கள்: அமெரிக்க வீராங்கனை. அவ்வளவுதான். பெயர் இல்லை. அன்றைய அரசாங்கத்துக்கு அந்தப் பெயர் ஆகாது. அரங்கில் இருந்த சனத்துக்கோ அறிமுகமே தேவைப்படவில்லை. கைதட்டித் தள்ளிவிட்டார்கள்.

மார்ட்டினா நவ்ரட்டிலோவா. இப்ப எங்கட வீடுகளில் விம்பிள்டன் பார்க்கிற பிள்ளைகளுக்கு அவர் தொலைக்காட்சியில் கதைக்கிற ஒரு வர்ணனையாளர், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ஒரு அம்மா. அல்கராஸ், சின்னர் என்று நாள் முழுக்கக் கதைக்கும் என்னுடைய மகனிடம் அவருடைய கணக்கைச் சொன்னபோது நம்பவில்லை, போனில் தேடிப் பார்த்தான். ஒற்றையரில் 18, பெண்கள் இரட்டையரில் 31, கலப்பு இரட்டையரில் 10. மொத்தம் 59 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள். சிறிய, பெரிய போட்டிகள் எல்லாம் சேர்த்து ஒற்றையரில் மட்டும் 167 பட்டங்கள். 332 வாரங்கள் உலக முதலிடம். இந்த இலக்கங்கள் இணையத்தில் எவருக்கும் கிடைக்கும். எனக்கு அவரில் ஒரு பிடிப்பு வந்தது வேறு காரணத்தால். 18 வயதில் தஞ்சம் கேட்ட ஒருவரின் விளையாட்டு வாழ்க்கை இது. அப்படித்தான் நான் அதை வாசிக்கிறேன்.

பிராக்குக்கு வெளியே ரெவ்னிட்சே என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். அம்மாவின் குடும்பத்துக்கு அங்கே பெரிய வளவும் அதற்குள் ஒரு டென்னிஸ் தரையும் இருந்தன. 1948 இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த பிறகு வளவு பறிபோனது. தங்களுடையதாக இருந்த இடத்திலேயே குடும்பம் ஒரு அறைக்குள் ஒடுங்கியது. அம்மம்மா ஒரு காலத்தில் பெயர்பெற்ற டென்னிஸ் ஆட்டக்காரி. பெற்ற தகப்பன் பிரிந்து போக, அம்மா மறுமணம் செய்த மிரோஸ்லாவ் நவ்ராட்டில்தான் பிள்ளையின் முதல் பயிற்சியாளர். நவ்ரட்டிலோவா என்ற பெயரும் அவர் வழி வந்தது. 1968 இல் சோவியத் டாங்கிகள் நாட்டுக்குள் வந்தபோது மார்ட்டினாவுக்கு 11 வயது.

15 வயதில் தேசிய சம்பியன். 16 வயதில் அமெரிக்காவுக்கு முதல் பயணம். அங்கே ஆட்டமும் பிடித்தது, சாப்பாடும் பிடித்தது. உடம்பு நன்றாக வைத்துவிட்டதென்று பத்திரிகைக்காரர்கள் பகிடி பண்ணினார்கள். பிரச்சினை அதுவல்ல. எந்தப் போட்டிக்குப் போகலாம், எத்தனை நாள் நிற்கலாம் என்பதெல்லாம் ஊரில் இருக்கும் டென்னிஸ் சம்மேளனத்தின் கையில். அமெரிக்க ஆட்டக்காரர்களோடு அளவுக்கு மீறிப் பழகுகிறாய், அமெரிக்கக்காரி ஆகிக்கொண்டு வருகிறாய் என்று கண்டிப்பு வேறு. 1975 மே மாதம் பிரான்சில் நடந்த பெடரேஷன் கிண்ணத்தைச் செக்கோஸ்லோவாக்கியா முதன்முறையாக வென்றது. அந்த அணியின் தூணே இவர்தான். அதற்குப் பிறகும் பிடி இளகவில்லை.

அதே வருடம் செப்டெம்பரில் நியூயோர்க், அமெரிக்க ஓப்பன் அரையிறுதி. கிறிஸ் எவெர்ட்டிடம் தோற்றார். அன்று மாலையே மன்ஹாட்டனில் இருந்த குடிவரவு அலுவலகத்துக்குப் போய் அரசியல் தஞ்சம் கேட்டார். எங்கட பாஷையில் சொன்னால், அகதி அடித்தார். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. சத்தமில்லாமல் முடிக்க நினைத்த காரியம், ஆனால் விடிவதற்குள் செய்தி வெளியே வந்துவிட்டது. செக்கோஸ்லோவாக்கிய சம்மேளனம் ஒரு அறிக்கை விட்டது. நாடு எல்லாம் செய்து கொடுத்தும் அவர் வங்கிக் கணக்கைத்தான் தெரிவு செய்தார் என்பது அதன் சாரம். குடியுரிமை பறிக்கப்பட்டது. ஊர்ப் பத்திரிகைகளில் அவர் பெயரே இல்லாமல் போனது. அவர் வென்றாலும் செய்தி இல்லை, தோற்றாலும் செய்தி இல்லை.

வதிவிட அனுமதி அவருக்கு வெகு விரைவில் கிடைத்துவிட்டது. வருடக்கணக்காகத் தபால்காரனை எதிர்பார்த்து யன்னலடியில் நின்ற எங்களில் பலருக்கு இதைக் கேட்க ஒரு பெருமூச்சு வரும். உலகப் போட்டியில் அரையிறுதி ஆடுகிறவருக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு வேறு வரிசை. அதை மறைத்து எழுத வேண்டியதில்லை. ஆனால் கடதாசி கிடைத்தவுடன் மனம் தேறிவிடும் என்றால் அதுவும் இல்லை. அடுத்த வருடமே, 1976 அமெரிக்க ஓப்பனில், முதற் சுற்றிலேயே ஜனெட் நியூபெரியிடம் தோற்று அரங்கிலேயே விம்மி அழுதார். வயது 19. தாய் தகப்பனைக் கண்டு ஒரு வருடம். எப்போது காண்பார் என்று எவருக்கும் தெரியாது. சாண்ட்ரா ஹேனி என்ற கோல்ஃப் வீராங்கனைதான் டலஸில் அவரை ஒரு நிதானத்துக்குக் கொண்டுவந்தார்.

1978 இல் விம்பிள்டன் இறுதியாட்டத்தில் எவெர்ட்டை 2-6, 6-4, 7-5 என்று வென்றார். அந்த நேரம் அவரிடம் எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லை. ஊர்த் தொலைக்காட்சியில் ஆட்டத்தைக் காட்டமாட்டார்கள். தாயும் தகப்பனும் மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சி எடுக்கிற எல்லைப்பக்கத்து ஊருக்குக் காரில் போய்ப் பார்த்தார்கள். அடுத்த வருடம் அம்மாவுக்கு விசா கிடைத்தது. நான்கு வருடத்துக்குப் பிறகு லண்டனில் சந்திப்பு. அந்த வருடமும் மகள் வென்றதை அம்மா நேரில் பார்த்தார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உண்மையில் பிடித்து நிறுத்தும் பகுதி. விளையாட்டுப் பக்கங்கள் இதை இரண்டு வரியில் கடந்து போய்விடும். 1979 முடிவில் பெற்றோரும் தங்கையும் அமெரிக்காவுக்கே வந்து சேர்ந்தார்கள். மகள் உலக சம்பியன். பணத்துக்குக் குறைவில்லை. எல்லாம் சரிவந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மொழி வரவில்லை, வேலை இல்லை, மகள் வருடத்தில் பெரும்பகுதி பயணத்தில். போதாததற்கு மகள் பெண்களை நேசிப்பவர் என்பதும் வீட்டில் தெரியவந்து பெரும் சண்டையானது. அடுத்த வருடமே அவர்கள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குத் திரும்பிவிட்டார்கள். எந்த ஆட்சியில் இருந்து மகள் தப்பி வந்தாரோ அதே ஆட்சிக்குள்.

ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்ட அம்மா அப்பா ஒரு குளிர்காலத்தோடு 'என்னை ஊருக்கு அனுப்பிவிடு' என்று கேட்ட கதை எங்களில் எத்தனை வீட்டில் இருக்கிறது! அதற்கு எவரையும் குற்றம் சொல்ல முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். மற்ற விடயத்தைப் பற்றி என்ன சொல்ல? எங்கட வீடுகளில் அந்தக் கதை வந்தால் ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவோம். 1980 இல் ரெவ்னிட்சேக் குடும்பம் ஒன்றுக்கும் அது இலேசாக இருக்கவில்லை.

1981 ஜூலையில் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. சில நாட்களுக்குள் நியூயோர்க் பத்திரிகை ஒன்று அவருடைய தனிப்பட்ட வாழ்க்கையை வெளியே போட்டது. வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டிருந்தும் போட்டார்கள். விளம்பர நிறுவனங்கள் ஒதுங்கின. எவெர்ட்டோ அமெரிக்காவின் செல்லப்பிள்ளை. இவர் இடக்கைக்காரி, தசை முறுக்கேறிய உடம்பு, உச்சரிப்பில் கிழக்கு ஐரோப்பா. இந்த நிலையில் செப்டெம்பர் மாதம் அமெரிக்க ஓப்பன் இறுதிக்கு வந்தார். ட்ரேசி ஒஸ்டினிடம் முதல் செட்டை 6-1 என்று எடுத்தவர், அடுத்த இரண்டையும் டைபிரேக்கரில் விட்டுத் தோற்றார். பரிசளிப்பில் அவர் பெயரைச் சொன்னதும் அரங்கம் நெடுநேரம் கைதட்டியது. அழுதுவிட்டார். தோல்விக்காக அழவில்லை, தன்னை ஏற்றுக்கொண்டார்கள் என்றுதான் அழுதேன் என்று பின்னர் விளக்கினார். எனக்கு இதில் ஒரு சின்ன நெருடல் உண்டு. வென்றுகொண்டிருந்தபோது கிடைக்காத கைதட்டல், தோற்று நின்றபோது கிடைத்தது. வந்தேறிக்கு இரக்கம் கிடைப்பது இலகு. முதலிடத்தைக் கொடுக்கத்தான் மனம் வராது.

அவர் முதலிடத்தைக் கேட்டு வாங்கவில்லை, எடுத்துக்கொண்டார். நான்சி லீபர்மன் என்ற கூடைப்பந்தாட்ட வீராங்கனை அவருடைய பயிற்சியைப் பொறுப்பெடுத்தார். உனக்குத் திறமை இருக்கிறது, உழைப்பு இல்லை என்று நேரே சொன்னவர் அவர். ஓட்டம், பளு தூக்கல், கணக்குப் பார்த்த சாப்பாடு. இன்று ஒவ்வொரு வீராங்கனைக்கும் பின்னால் உடற்பயிற்சியாளர், உணவு ஆலோசகர் என்று ஒரு பட்டாளம் நிற்கிறதே, அதற்கு வழி காட்டியவர் மார்ட்டினாதான். விரிந்து வெளியே ஓடும் இடக்கைச் சேர்வ், உடனே வலையடிக்குப் பாய்ச்சல், அங்கே ஒரு தட்டு. எதிராளிக்கு யோசிக்க நேரம் இல்லை. 1983 இல் 86 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அதுவும் பிரெஞ்சு ஓப்பனில் கதி ஹோர்வத் என்ற 17 வயதுப் பிள்ளையிடம். பாம் ஷ்ரைவரோடு இரட்டையரில் தொடர்ச்சியாக 109 வெற்றிகள். ஒற்றையரில் தொடர்ச்சியாக 6 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள்.

1984 முடிவில் மெல்பேர்னில் இன்னும் இரண்டு ஆட்டம் வென்றிருந்தால் ஒரே வருடத்தில் நான்கு பட்டங்களும் அவருடையவை. தொடர்ச்சியாக 74 ஆட்டங்கள் வென்று வந்தவரை அரையிறுதியில் மறித்தவர் யார் தெரியுமா? ஹெலெனா சுகோவா. செக்கோஸ்லோவாக்கியப் பெண். ஹெலெனாவின் தாய் வேரா, மார்ட்டினா சின்னப்பிள்ளையாக ஆடிய காலத்தில் அந்நாட்டுப் பெண்கள் அணியின் பயிற்சியாளர். உலகம் சுற்றினாலும் ஊர் விடாது!

இனி மறுபடி பிராக். 1975 க்குப் பிறகு அவர் அந்த மண்ணை மிதித்தது அப்போதுதான், அமெரிக்கக் கடவுச்சீட்டோடு. பக்கத்தில் கிறிஸ் எவெர்ட். இருவரும் மொத்தம் 80 தடவை மோதி, மார்ட்டினா 43, எவெர்ட் 37 என்று முடித்தவர்கள். 1975 இல் தஞ்சம் கேட்ட அன்று தோற்கடித்தவரே இன்று துணையாக நிற்கிறார். இறுதியில் அமெரிக்காவுக்கு எதிரணி செக்கோஸ்லோவாக்கியா. மார்ட்டினாவுக்கு எதிரே ஹானா மண்ட்லிகோவா. தங்கட நாட்டு வீராங்கனை ஆடும்போது, தங்கட நாட்டு அரங்கில், சனம் மற்றப் பக்கத்துக்குக் கைதட்டியது. 7-5, 6-1 என்று வென்றார். அமெரிக்கா 3-0. முடிவில் அந்தச் சனத்தோடு செக் மொழியில் பேசினார், கண்ணீரோடு.

கைதட்டியவர்கள் அரசாங்கத்துக்கு எதிராகத் தட்டினார்களா, ஊர்ப்பிள்ளைக்குத் தட்டினார்களா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். வாய் திறக்க முடியாத இடத்தில் கை தட்டலாம். மூன்றே வருடத்தில், 1989 நவம்பரில், அந்தச் சனம் தெருவில் இறங்கி ஆட்சியையே மாற்றியது.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 1990 இல் ஒன்பதாவது விம்பிள்டன் ஒற்றையர் பட்டம். 1994 இல் இறுதியில் கொஞ்சிட்டா மார்ட்டினெஸிடம் தோற்று, போகும்போது மைதானத்துப் புல்லில் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு போனார். அத்தோடு ஒற்றையர் ஆட்டம் முடிந்தது என்று நினைத்தார்கள். 2000 ஆம் ஆண்டு இரட்டையருக்குத் திரும்பினார். 2003 இல் அவுஸ்திரேலிய ஓப்பன், விம்பிள்டன் இரண்டிலும் கலப்பு இரட்டையர் பட்டம். கூட ஆடியவர் லியாண்டர் பயஸ், சென்னையில் அமிர்தராஜ் குடும்பத்தின் பயிற்சிக்கூடத்தில் டென்னிஸ் படித்தவர். மார்ட்டினா வாழ்க்கையில் எங்கட பக்கத்து வாசனை அடிக்கிற ஒரே இடம் இதுதான். 2006 இல், 50 வயதுக்கு ஒரு மாதம் இருக்கையில், அமெரிக்க ஓப்பன் கலப்பு இரட்டையரையும் வென்றுவிட்டுத்தான் ஓய்ந்தார்.

இடையில் 2002 இல் ஒன்று நடந்தது. அமெரிக்க அரசியலைக் குறை சொல்லி ஒரு ஜெர்மன் பத்திரிகைக்குப் பேசியிருந்தார். சிஎன்என் நேர்காணலில் கொனி சங் அதை எடுத்து, இதை வாசித்தபோது செக்கோஸ்லோவாக்கியாவுக்கே திரும்பிப் போ என்று சொல்லத் தோன்றியது என்றார். 21 வருடமாக அமெரிக்கக் குடிமகளாக இருந்தவருக்கு, அமெரிக்காவுக்காகக் கிண்ணம் வென்றவருக்கு, இது. கேட்டவரும் சீனக் குடியேறிகளின் மகள். அதைவிடப் பெரிய வேடிக்கை, திரும்பிப் போவதற்குச் செக்கோஸ்லோவாக்கியா என்றொரு நாடே இல்லை. 1993 ஜனவரி 1 அன்று அது இரண்டாகப் பிரிந்து வரைபடத்தில் இருந்து போய்விட்டது. மார்ட்டினா பின்வாங்கவில்லை. குறை சொல்லும் உரிமைக்காகத்தானே இங்கு வந்தேன் என்ற தொனியில் பதில் சொன்னார். அவருடைய எல்லாக் கருத்துகளோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்த இடத்தில் முழுக்க அவர் பக்கம்தான். இங்கே பிறந்த எங்கட பிள்ளைகளிடமும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு எங்கே திரும்பிப் போவதாம்?

2008 ஜனவரியில் செக் குடியரசின் குடியுரிமை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அமெரிக்கக் குடியுரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.

2011 இல் பெட்ரா க்விட்டோவா என்ற செக் பெண் விம்பிள்டனை வென்றார், 2014 இல் மறுபடியும். அவர் பிறந்தது 1990, மார்ட்டினா கடைசியாக அதே பட்டத்தை வென்ற வருடம். சின்ன வயதில் யாரைப் பார்த்து ஆடினீர்கள் என்று கேட்டால் தயங்காமல் சொல்லும் பெயர் நவ்ரட்டிலோவா. க்விட்டோவாவும் இடக்கை.