கம்பளி மிதித்த 'வாக்கர்'

ஆங்கிலம் பயிலும் சிறுவர் ஆரம்ப வகுப்பிலேயே அறிந்துகொள்ளும் 'வாக்' என்ற வினைச்சொல், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'வெயல்கன்' என்ற உருவில் வழங்கியபோது, உருளுதல், புரளுதல், அலைக்கழிதல் என்ற பொருள்களையே தந்தது. 'பேவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் கடலலைகளின் புரளலைச் சுட்டும் பெயரும் இத்தாதுவிலிருந்து பிறந்ததே. காலால் நடத்தல் என்ற அர்த்தம் 13-ஆம் நூற்றாண்டளவில்தான் வழக்குக்கு வந்தது.

ஆயினும் அதற்கு முன்பே இவ்வினையின் பெயரால் ஒரு தொழிலாளி அழைக்கப்பட்டான். 'வாக்கர்' எனப்பட்ட அவன் வழிப்போக்கன் அல்லன். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியைத் தொட்டியிலிட்டு மிதிப்பவன். புதிதாய் நெய்த கம்பளி இழை விலகி, ரோமத்தின் பிசுக்கு நீங்காமல் இருக்கும். அதை நாட்பட்ட மூத்திரத்திலும், பின்னர் எண்ணெயை உறிஞ்சும் ஒருவகைக் களிமண் கரைத்த நீரிலும் இட்டு மிதிக்க மிதிக்க, ஆட்டு ரோமத்தின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள, துணி சுருங்கித் தடித்து, குளிர்காற்று எளிதில் புகாததாகிவிடும். (நம் பெண்மணிகள் முகத்தில் பூசும் முல்தானி மட்டி இக்களிமண்ணின் இனமே.) அருவருப்பாகத் தோன்றும் அந்த மூத்திரத்தின் மகிமை, அதில் ஊறும் அம்மோனியாவில் இருக்கிறது; ரோமாபுரிச் சக்கரவர்த்தி வெஸ்பாசியன் அதற்கு வரியே விதித்தார்.

ரோமானியர் இத்தொழிலாளியை 'ஃபுல்லோ' என்றனர். இங்கிலாந்தின் தென்கிழக்கில் அவன் 'ஃபுல்லர்' ஆனான், தென்மேற்கில் 'டக்கர்', வடக்கே 'வாக்கர்'. மூன்றும் இன்று குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன.

12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இம்மிதிப்பு வேலைக்கென நீராலைகள் தோன்றின. ஆற்றுநீர் சுழற்றிய சக்கரத்தின் அச்சிலிருந்த முளைகள் கனத்த மரச் சம்மட்டிகளை மாறிமாறித் தூக்கித் துணியின்மேல் விழச் செய்தன. எவரும் கால் வைக்காத அவ்வாலைக்கும் 'வாக் மில்' என்ற பெயரே வழங்கியது விசித்திரந்தான். கேரஸ்-வில்சன் என்ற சரித்திர ஆசிரியை 1941-இல் இம்மாறுதலைப் 13-ஆம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி என்றே வருணித்தார். நூற்பும் நெசவும் கையாலேயே தொடர்ந்து நடந்தமையால் அது சற்று மிகை என்பது என் அபிப்பிராயம்.

ஜெர்மன் மொழியில் இதன் சகோதர வினையான 'வால்கன்' இன்றும் கம்பளியைப் பதப்படுத்துவதைக் குறிக்கிறது. ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளிலோ, 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும், பெண்கள் நீண்ட பலகையைச் சுற்றி அமர்ந்து, ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் பின்பாட்டுப் பாடி, ஈரத் துணியைத் தாளத்தோடு பலகையில் அறைந்து தடிக்கச் செய்தனர்.