சயாமுக்குப் போன பேராக்காரர்கள்

ஆயர் தாவாருக்கு ரயில் பாதை கிடையாது. சித்தியவானுக்கும் புருவாஸுக்கும் இடையே ரப்பர் தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர் இது. ஆனால் பேராத் தோட்டங்களின் யுத்தக் கதையை ரயிலை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் வட மலாயாவின் தளங்களை முடக்கின. அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, பட்டர்வொர்த் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் பின்வாங்கியது பிரிட்டிஷ் விமானப்படை. மாதம் முடிவதற்குள் ஈப்போவும் விழுந்தது. தோட்டத் துரைமார் போய்விட்டார்கள். லயத்தில் இருந்த தொழிலாளர்கள் எங்கே போவது? ரப்பர் பாலுக்கு விலையில்லை, அரிசி வரவில்லை.

அந்தப் பசியை வைத்துத்தான் ஜப்பானியர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள்பிடித்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி, சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்றார்கள். ஆள் சேராத இடங்களில் இலவசப் படம் என்று கூட்டிக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றினார்கள். சரக்கு வண்டியில் நாள்கணக்கில் பயணம். பான்போங்கில் இறங்கிக் காட்டுக்குள் நடை. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து போன 75,000க்கும் அதிகமானோரில் பெரும்பாலோர் தமிழர்கள். காலராவும் மலேரியாவும் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றன.

அதற்குப் பிறகுதான் விமானங்கள் திரும்பி வந்தன. வங்காளத்திலிருந்து கிளம்பிய நேச நாட்டு லிபரேட்டர்கள் அந்தப் பாதையின் பாலங்களைக் குறிவைத்தன. தோட்டங்களைக் காக்க முடியாத விமானப்படை, தோட்டத்து ஆட்கள் உயிரைக் கொடுத்துப் போட்ட பாதையின் மேல் குண்டு போட்டது. யுத்த நியாயப்படி அது சரியாக இருக்கலாம். எனக்கு அது ஆறவில்லை. காஞ்சனபுரியில் அந்தப் பாதையின் தமார்க்கான் பாலத்தை இன்றும் பார்க்கலாம். ஜாவாவிலிருந்து கொண்டுவந்த வளைவான இரும்புச் சட்டங்களுக்கு நடுவே, 1945இல் குண்டு விழுந்த இடத்தில் மட்டும் பிறகு மாற்றிய சட்டங்கள் வளைவில்லாமல் நேராக நிற்கும்.

அதே ஊரில் நேச நாட்டுப் போர்க் கைதிகளின் கல்லறைகள் 7,000 வரை வரிசையாக இருக்கின்றன. கைதிகளோடு அவர்களுடைய அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். ஒளித்து வைத்தாவது பெயர்ப்பட்டியல் எழுதினார்கள். தமிழனுக்கு அப்படி எழுத ஆளில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள்தான் அந்த வாழ்க்கையை நமக்காகப் பிடித்து வைத்தன.

யுத்தத்துக்குப் பிறகு பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தொழிலாளர் பெயர் எழுதிய பழைய செக்ரோல் ஏடு ஏதாவது ஒரு பரணில் கிடந்தால், தாத்தாவோடு சயாமுக்குப் போன அண்ணன் தம்பி பெயர் வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால், பெயர், தகப்பன் பெயர், தோட்டம், சயாமுக்குப் போன வருடம் ஆகிய நான்கையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.