பஸ்சில் செல்போன் அபேஸ் ஆகிவிட்டதா? 15 இலக்க எண் இருந்தால் துப்பு துலங்கும்!

விழுப்புரம்,

திண்டிவனம் பஸ் வந்து நிற்கிறது. ஜன்னல் வழியாக துண்டு, பை, கர்சீப் எல்லாம் உள்ளே பறக்கிறது. படிக்கட்டில் முண்டியடித்து ஏறி, எப்படியோ ஒரு சீட் பிடித்து உட்கார்ந்து, சட்டைப் பையில் கையை வைத்தால்... செல்போனைக் காணோம்!

"அய்யய்யோ... இப்பத்தானே பேசிட்டு வெச்சேன்!"

கூட்ட நெரிசலில் பயணம் செய்யும் யாருக்கும் இந்த நிலைமை வரலாம். முன்பெல்லாம் செல்போன் போனால் ஒரு கருவி போனது, அவ்வளவுதான். இன்று அப்படி இல்லை. கூலிப்பணம் வருவது அதில். கடைக்கு பணம் அனுப்புவது அதில். நாளைக்கு எந்த ஊரில் வேலை என்று மேஸ்திரி கூப்பிடுவதும் அதில்தான். செல்போன் போனால் 2 நாள் பிழைப்பே போச்சு.

சரி, காணாமல் போன செல்போனை கண்டுபிடிக்க முடியுமா? முடியும். ஆனால் அதற்கு போன் தொலைவதற்கு முன்பே ஒரு வேலை செய்திருக்க வேண்டும். அது என்ன என்பதை பார்ப்போம்.

சினிமாவில் காட்டுவது போல் இல்லை

சினிமாவில் போலீஸ் அதிகாரி ஒரு பட்டனை தட்டுவார். உடனே கம்ப்யூட்டர் திரையில் சிவப்பு புள்ளி ஓடும். "சார், குற்றவாளி இந்த தெருவுல, இந்த வீட்டுல இருக்கான்" என்று ஒருவர் சொல்வார். உண்மையில் அவ்வளவு சுலபம் இல்லை.

செல்போன் ஆனில் இருந்தால், பேசாவிட்டாலும் பக்கத்தில் உள்ள டவருடன் அவ்வப்போது தொடர்பு கொள்ளும். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லி வைத்தால்தானே, யாராவது கூப்பிடும்போது எந்த டவர் வழியாக மணி அடிப்பது என்று செல்போன் கம்பெனிக்கு தெரியும்?

விழுப்புரத்தில் பஸ் ஏறி திண்டிவனம் வரை பேசிக்கொண்டே போகிறோம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று ஊர் மாற மாற டவரும் மாறிக்கொண்டே வரும். பேச்சு மட்டும் அறுவதில்லை. கண்டக்டர் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் கணக்கு எழுதுவது போல, எந்த போன் எந்த நேரத்தில் எந்த டவரில் பேசியது என்பது கம்பெனியின் கம்ப்யூட்டரில் பதிவாகிவிடும்.

ஆனால் டவர் காட்டுவது ஏரியாவைத்தான். வீட்டு நம்பரை அல்ல. பொதுவாக ஒரு டவரின் வட்டத்தை 3 பக்கமாக பிரித்து வைத்திருப்பார்கள். அதனால் போன் எந்த திசையில் இருக்கிறது என்பது ஓரளவு தெரியும். நகரத்தில் டவர்கள் நெருக்கமாக இருப்பதால் சில நூறு மீட்டர் வரை நெருங்கலாம். கிராமப்புறங்களில் டவர்கள் தள்ளித்தள்ளி இருப்பதால் சில கிலோ மீட்டர் வரை வித்தியாசம் வரும்.

இந்த விவரத்தை நாமே போய் செல்போன் கம்பெனியில் கேட்டால் தரமாட்டார்கள். புகாரின் பேரில், போலீஸ் சூப்பிரண்டு நிலையில் உள்ள அதிகாரி மூலம் கேட்டால்தான் கிடைக்கும்.

சிம்மை வீசலாம், எண்ணை வீச முடியாது

போனை அடிக்கும் ஆசாமி முதலில் செய்வது சிம் கார்டை கழற்றி வீசுவதுதான். 'சிம் போச்சு, இனி யாரும் நம்மை பிடிக்க முடியாது' என்பது அவன் கணக்கு. அந்த கணக்கு தப்பு.

மோட்டார் சைக்கிளுக்கு சேஸிஸ் நம்பர் இருப்பது போல ஒவ்வொரு செல்போனுக்கும் 15 இலக்கத்தில் ஒரு எண் உண்டு. அதுதான் ஐ.எம்.இ.ஐ. எண். 2 சிம் போடும் போன் என்றால் 2 எண்கள் இருக்கும். விலை உயர்ந்த போனுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஆயிரம் ரூபாய் பட்டன் போனுக்கும் உண்டு.

புதிய சிம் போட்டவுடன் அந்த சிம் நம்பரோடு சேர்த்து இந்த 15 இலக்க எண்ணும் கம்பெனிக்கு போய்விடும். போனில் இருப்பதை எல்லாம் மொத்தமாக அழித்தாலும் இந்த எண் அழியாது.

2008 மும்பை தாக்குதலுக்கு பிறகு இந்த விஷயத்தில் மத்திய அரசு கெடுபிடி காட்டியது. முறையான ஐ.எம்.இ.ஐ. எண் இல்லாத போன்களுக்கான இணைப்பு 2009 டிசம்பர் முதல் நிறுத்தப்பட்டது.

பிளாக் செய்தால் எப்படி சிக்கும்?

இந்த எண்ணை வைத்து நாடு முழுவதும் போனை முடக்குவதற்கு மத்திய தொலைத்தொடர்பு துறை சி.இ.ஐ.ஆர். என்ற ஏற்பாட்டை செய்துள்ளது. 2019-ல் மராட்டியத்தில் சோதனை முறையில் தொடங்கி, 2023 மே மாதம் 'சஞ்சார் சாத்தி' இணையதளம் மூலம் நாடு முழுவதும் வந்தது. 2025 ஜனவரியில் செல்போன் செயலியும் வந்துவிட்டது. இதற்கு கட்டணம் கிடையாது.

நாம் விண்ணப்பித்தால் 24 மணி நேரத்துக்குள் அந்த போன் எந்த கம்பெனி சிம் போட்டாலும் வேலை செய்யாதபடி முடக்கப்படும். திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரிக்கு கொண்டு போனாலும் சரி, வட மாநிலத்துக்கு ரெயில் ஏற்றினாலும் சரி, இதே கதிதான்.

முடக்கிய போனில் யாராவது சிம் போட்டதும் 'இந்த போனில் இந்த நம்பர் போடப்பட்டுள்ளது' என்று தகவல் வந்துவிடும். பிறகு போலீசார் அந்த நம்பரின் சொந்தக்காரரை தேடிப்போவார்கள். பல நேரங்களில் அவர் திருடனாக இருக்கமாட்டார். பில் இல்லாமல் மலிவு விலைக்கு கிடைக்கிறதே என்று செகண்ட் ஹேண்டில் வாங்கிய அப்பாவியாக இருப்பார். தமிழகத்தின் பல மாவட்டங்களில் எஸ்.பி. அலுவலகத்தில் வைத்து செல்போன்களை உரியவர்களிடம் ஒப்படைக்கிறார்களே, அந்த போன்கள் மீட்கப்படுவதற்கு இந்த 15 இலக்க எண்தான் பெரிய துணை.

போன் போனால் முதல் ஒரு மணி நேரத்தில்...

பதற்றத்தில் எதை முதலில் செய்வது என்று புரியாது. வரிசையாக இப்படி செய்யலாம்:

1. பக்கத்தில் இருப்பவரிடம் போன் வாங்கி உங்கள் நம்பருக்கு அடித்துப் பாருங்கள். கீழே விழுந்த போனை நல்லவர் யாராவது எடுத்து வைத்திருக்கலாம்.

2. ஆண்ட்ராய்டு போன் என்றால் வேறொரு போனில் 'ஃபைண்ட் ஹப்' மூலம் உங்கள் ஜிமெயில் கணக்கை போட்டு தேடலாம். ஐபோனுக்கு 'ஃபைண்ட் மை'. இது செயற்கைக்கோள், வைபை, டவர் மூன்றையும் வைத்து கணக்கிடுவதால், போன் ஆனில் இருந்து நெட்டும் இருந்தால் மேப்பில் கிட்டத்தட்ட சரியான இடத்தை காட்டும். சைலண்டில் இருந்தாலும் முழு சத்தத்தில் மணி அடிக்க வைக்கலாம். வீட்டிலேயே வைத்து மறந்த போனும் இப்படி கிடைத்துவிடும். தேடி முடித்ததும் அடுத்தவர் போனில் இருந்து உங்கள் கணக்கை எடுத்துவிட மறக்காதீர்கள்.

3. கிடைக்காது என்று தெரிந்தால் உடனே சிம்மை பிளாக் செய்ய கம்பெனிக்கு சொல்லுங்கள். பேங்குக்கும் சொல்லி யு.பி.ஐ. கணக்கை நிறுத்துங்கள். போனை விட அதில் உள்ள பணம் முக்கியம். பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூட தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு புகார் செய்யுங்கள்.

4. போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ரெயிலில் தொலைந்தால் 139 எண்ணிலும், ரெயில்வே போலீசிலும் புகார் செய்யலாம். ரெயில்வே பாதுகாப்பு படையும் 2025 முதல் சி.இ.ஐ.ஆர். ஏற்பாட்டில் சேர்ந்துள்ளது.

5. அதே நம்பரில் டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். விண்ணப்பத்துக்கு ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும். புது சிம்மில் எஸ்.எம்.எஸ். வர 24 மணி நேரம் வரை ஆகும். அதுவரை 'ஓ.டி.பி. வரலையே' என்று பயப்பட வேண்டாம்.

6. பிறகு சஞ்சார் சாத்தியில் புகார் நகல், அடையாள அட்டை, போன் வாங்கிய பில், ஐ.எம்.இ.ஐ. எண் ஆகியவற்றை கொடுத்து பிளாக் செய்யுங்கள். நெட் தெரியாதவர்கள் விவரம் தெரிந்த பிள்ளைகளை உடன் வைத்து செய்யலாம்.

எந்த ஸ்டேஷன் லிமிட்?

பஸ் பயணிகளுக்கு வரும் பெரிய குழப்பம் இதுதான். ஏறியது விழுப்புரம். போன் இல்லை என்று தெரிந்தது திண்டிவனம். நடுவில் எங்கே அடித்தான் என்று யாருக்கு தெரியும்?

2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-வது பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. திருட்டு போன்ற குற்றங்களுக்கு, சம்பவம் நடந்த இடம் எதுவாக இருந்தாலும் எந்த போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அதை பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்பி வைப்பார்கள். 'ஜீரோ எப்.ஐ.ஆர்.' என்பது இதுதான். 'எங்க லிமிட் இல்லை' என்ற பதிலை கேட்டு திரும்பி வர வேண்டியதில்லை.

'நம்பர் போட்டால் இடம் தெரியும்' - உஷார்!

"நம்பரை டைப் பண்ணுங்க, ஆள் எங்கே இருக்கார்னு காட்டும்" என்று சில செயலிகள் ஆசை காட்டும். நம்ப வேண்டாம். வெறும் செல்போன் நம்பரை வைத்து அடுத்தவர் இருக்கும் இடத்தை பொதுமக்கள் பார்க்க எந்த வழியும் கிடையாது. இதுபோன்ற செயலியை இறக்கினால் உங்கள் போனில் உள்ள விவரங்கள்தான் களவு போகும்.

குடும்பத்தினர் சம்மதத்தோடு இடத்தை பார்க்க நல்ல வழி இருக்கிறது. சென்னையில் வேலை முடித்து கடைசி பஸ்சில் வரும் மகள், வாட்ஸ்அப்பில் 'லைவ் லொக்கேஷன்' அனுப்பினால் போதும். 15 நிமிடம், ஒரு மணி நேரம், 8 மணி நேரம் என்று தேர்வு செய்யலாம். பஸ் எங்கே வருகிறது என்று பார்த்து அப்பா திண்டிவனம் ஸ்டாப்பிங்கில் போய் நிற்கலாம். ஆபத்து என்றால் 112-க்கு அடிக்கலாம். தமிழக போலீசின் 'காவல் உதவி' செயலியில் சிவப்பு பட்டனை அழுத்தினால் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்கு போய்விடும்.

மலிவு விலை... ஜெயில் வாசல்!

பஸ் நிலையத்தில் யாரோ ஒருவர் ரகசியமாக போனை நீட்டி 'அண்ணே, 2 ஆயிரம் கொடுங்க போதும்' என்றால் ஏமாந்துவிடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில். ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றினால் 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்பு சட்டப்படி 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பழைய போன் வாங்குவதாக இருந்தால் முதலில் சோதித்துப் பாருங்கள். கே.ஒய்.எம். என்ற 3 ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, இடம் விட்டு 15 இலக்க எண்ணை போட்டு 14422 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அந்த போனின் நிலவரம் தெரிந்துவிடும்.

எல்லா போனும் கிடைக்குமா?

கிடைக்காது என்பதுதான் உண்மை. பிரித்து ஸ்பேர் பார்ட்சாக விற்றுவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. யாரும் சிம் போடாமல் பூட்டி வைத்திருந்தாலும் தகவல் வராது. சில போன்கள் ஒரு வாரத்தில் கிடைக்கும், சில போன்கள் மாதக்கணக்கில் இழுக்கும்.

இடம் தெரிந்துவிட்டது என்று தனியாக போய் மல்லுக்கு நிற்கவும் கூடாது. போலீசாரிடம் சொல்லி அவர்களோடு போவதுதான் பாதுகாப்பு. போன் திரும்ப கிடைத்ததும் சஞ்சார் சாத்தியில் 'அன்பிளாக்' கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கையில் வந்த போனும் வேலை செய்யாது.

இத்தனைக்கும் அடிப்படை அந்த 15 இலக்க எண்தான். போன் போன பிறகு அதை தேடினால் பில் இருக்காது, பெட்டியும் குப்பைக்கு போயிருக்கும்.

எனவே இப்போதே உங்கள் போனில் *#06# என்று அழுத்துங்கள். திரையில் வரும் எண்ணை ரேஷன் கார்டு வைத்திருக்கும் கவரிலோ, வீட்டு காலண்டரின் பின்பக்கத்திலோ எழுதி வையுங்கள். அம்மா, மனைவி, பிள்ளைகள் போன் எண்களையும் சேர்த்து எழுதுங்கள். அந்த எண்ணை போனிலேயே சேமித்து வைத்தால் மட்டும் போதாது. போன் போனால் அதுவும் சேர்ந்தே போய்விடும்!